சர்க்கரை டப்பாவில் கீறிய கோடு

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில், அளவு பார்க்கும் அறையில் எனக்கு வேலை. பட்டறையில் கடைந்து வருகிற பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு, பிசகியிருந்தால் சிவப்பில் ஒரு பொட்டு வைத்து அனுப்ப வேண்டும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் நான் விடமாட்டேன். கடைசல் பிடிப்பவர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "வந்துட்டாருய்யா செவப்புப் பொட்டு" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இந்தப் பெருமையை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகத் தெரிந்திருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது. எனக்குத் தெரியவில்லை. குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளிலும் நான் இன்ஸ்பெக்டராகவேதான் இருந்தேன். பாய் கோணலாகச் சுருட்டியிருந்தால் சொல்வேன். குழம்பில் உப்பு அரைக் கல் கூடினால் சொல்வேன். என் மனைவி காட்டுப்பாக்கத்துப் பெண். அவள் அப்பா ஒரு காலத்தில் அங்கே பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்று, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனவர். அவள் "இன்னா" என்றால் "என்ன" என்று திருத்துவேன். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன், என் தமிழில் மட்டும் என்னவோ பால் வடிகிறது என்று எனக்கு நினைப்பு. அவள் ஒருநாள் சொன்னாள், "உங்களாண்ட பேசணும்னா மொதல்ல பேச்ச அளந்து பொட்டு வாங்கிகினு வரணும் போல." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. ஆண் குழந்தை. மாதத்துக்கு மீறிய எடை. அதற்கு அப்புறம்தான் அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டர் ரத்தம் சோதித்துவிட்டு, அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, முன்பே யாரும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றார். இருபத்திமூன்று வயதில் சர்க்கரை என்றால் யார் நம்புவார்கள்? அடுத்த முறை நாள் தள்ளிப்போன உடனே வந்துவிட வேண்டும், பிரசவம் வரை இன்சுலின் போட வேண்டும், ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது, தப்பினால் போன தடவை நடந்ததுதான் நடக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

எண்பத்தாறில் மறுபடி நாள் தள்ளியது. ஓடினோம். காலையில் பன்னிரண்டு யூனிட், மாலையில் எட்டு. டாக்டர் ஒரு சாத்துக்குடியை மேஜைமேல் வைத்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஊசி குத்தப் பழக்கினார். அவள் முதல் தடவையே பதறாமல் குத்தினாள். நான் குத்தியதில் சாறு பீய்ச்சி டாக்டரின் கோட்டில் அடித்தது. ஆனாலும் வெளியே வந்ததும் நான் சொன்னேன், "ஊசி நான்தான் போடுவேன்."

"நானே போட்டுக்கறேனே. எனக்கு இன்னா பயமா?"

"உனக்குக் கை ஆடும். அளவு பிசகக்கூடாது. இது என் வேலை."

அவள் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். டாக்டர் கொடுத்தனுப்பிய அந்தச் சாத்துக்குடியை ஒரு கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது மருந்துக்கடையில் ஒரு முறை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கட்டுக்கட்டாகத் தருகிறார்கள். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது கண்ணாடி சிரிஞ்சு. கண்ணாடிக் குழாய், அதற்குள் போய்வருகிற கண்ணாடி பிஸ்டன், முனையில் செருகும் இரும்பு ஊசி. மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, தினமும் கொதிக்கவைக்க வேண்டும். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு செட் வாங்கினேன். மருந்துப் புட்டியை வைக்க எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரு மண்சட்டியில் ஈர மணல் கொட்டி, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தை இறக்கி, அதில் புட்டியை வைத்து மூடினோம். அடுப்படியின் இருட்டு மூலையில் அது பாட்டுக்குக் குளிர்ந்துகொண்டிருக்கும்.

முதல் வாரமே பிஸ்டன் சிக்கிக்கொண்டது. அழுத்தினால் போகவில்லை, போனால் குபுக்கென்று போகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மாவு பூசினாற்போல வெள்ளையாக ஒரு படிவு. எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் வருவது போர் தண்ணீர். சோறு வடித்த பாத்திரத்திலேயே விளிம்பில் வெள்ளை வட்டம் கட்டும், சிரிஞ்சில் கட்டாதா? வினிகரில் ஒருநாள் ஊறப்போட்டதும் படிவு கரைந்தது. அதன்பிறகு கொதிக்கவைக்க மருந்துக்கடையிலிருந்து காய்ச்சி வடித்த நீர் வாங்கினேன். மழைக்காலம் வந்ததும் மொட்டைமாடியில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்து, வேட்டியில் வடிகட்டிக்கொண்டேன். ஒரு கோளாறு தீர்ந்தது.

அடுத்து ஊசி. அதே ஊசியைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் போடுவதால் முனை மழுங்கி, கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்று விழுந்துவிடும். பஞ்சின்மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் நூல் மாட்டும். மாட்டினால் கொக்கி இருக்கிறது என்று அர்த்தம். அவள் தொடையிலும் வயிற்றிலும் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். சாணைக்கல்லும் பூதக்கண்ணாடியும் எங்கள் அளவு அறையில் இல்லாததா? சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, அளந்த சரிவில் தீட்டினேன். சங்கதி தெரிந்து, எங்கள் பகுதிக் கம்பவுண்டரே தன் ஊசிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது என் சைக்கிள் தரையில் ஓடவில்லை.

காற்றுக் குமிழி வந்தது. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து நகத்தால் தட்டினால் மேலே ஏறிவிடும் என்று கற்றேன். சில நாள் மருந்து புட்டியிலிருந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எடுக்கப்போகிற அளவுக்குக் காற்றை முதலில் உள்ளே தள்ளினால் மருந்து தானே இறங்கும் என்று புரிந்தது. ஊசியின் துளை அடைத்துக்கொண்டால் நுழைக்க ஒரு மெல்லிய கம்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு கோளாறும் தீரத்தீர எனக்குத் தலைகனம் ஏறியது. உண்மையில் அவள் வயிற்றில் இருந்த குழந்தையை நான்தான் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றே நினைத்தேன்.

நினைக்கத் தோதாகவும் இருந்தது. டாக்டர் ஒரு நீலக் கரைசல் கொடுத்திருந்தார். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம். இடையிடையே ரத்தமும் எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்து மாதம் வரை எங்கள் குழாயில் நீலமும் இளம்பச்சையும்தான். குழந்தை துள்ளும்போதெல்லாம் அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். போன தடவை வைக்காத கை அது. அப்போது நான் ஓவர்டைம், ஓவர்டைம் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் மாதம் தொடங்கி ஒரு வாரத்தில் இரண்டு சிரிஞ்சும் அடுத்தடுத்து உடைந்தன. பழைய செட்டின் குழாயைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டேன், விரிசல் விட்டது. புது செட்டின் பிஸ்டன் என் ஈரக் கையிலிருந்து நழுவி அடுப்படித் தரையில் விழுந்து இரண்டாகியது. மிச்சம் இருந்தவை பழைய பிஸ்டனும் புதிய குழாயும். ஒரே கம்பெனி, ஒரே அளவு. பிஸ்டனைக் குழாயில் விட்டுப் பார்த்தேன், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. முன்பு கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுகூட இப்போது இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஏன் சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலின் வேதமே அதுதான். எந்தப் பட்டறையில் செய்த போல்ட்டும் எந்தப் பட்டறையில் செய்த நட்டிலும் ஏற வேண்டும். அதற்குத்தான் அளவு, அதற்குத்தான் நான், அதற்குத்தான் பச்சைப் பொட்டு. புது சிரிஞ்சு வாங்கலாமே என்று அவள் கேட்டபோது, "அளவு ஒன்றுதான், எதுவும் எதிலும் சேரும்" என்று அவளுக்கு ஒரு பாடமே எடுத்தேன்.

நாலைந்து நாளில் சோதனைக் குழாய் மஞ்சளாகியது. பிறகு ஆரஞ்சு. டாக்டரிடம் போனோம். ரத்தத்திலும் ஏறியிருந்தது. மாதம் ஏற ஏற மருந்தும் ஏறத்தான் செய்யும் என்று காலை அளவைப் பதினாறாக்கினார். அடுத்த வாரம் இருபது. செங்கல் நிறம் போகவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறார்களா, கொஞ்சம் கவனியுங்கள்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்வியை நான் எப்படிக் கையில் எடுத்தேன் என்பதுதான் விஷயம்.

இந்த நாட்களில் ஒரு காலை, ஊசி போட்டு முடித்து அவள் புடவைக் கொசுவத்தை நான் நீவிவிட்டபோது அவள் மூக்கைச் சுளித்தாள். "இன்னாங்க, உங்க கையில ஒரு நாத்தம்? ஆஸ்பத்திரி நாத்தம்." "ஸ்பிரிட்" என்றேன். "ஸ்பிரிட்டு வேற, இது வேற" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். சைரன் ஊதியது, கிளம்பிவிட்டேன்.

மருந்து ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. அப்படியானால் சர்க்கரை எங்கிருந்தோ உள்ளே வருகிறது. வாயைத் தவிர வேறு வழி ஏது? இதுதான் என் கணக்கு. அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் போய்வந்தவளிடம் "என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். "வளையல்" என்றாள். கையை நீட்டிக்கூடக் காட்டினாள். எனக்குப் போதவில்லை.

ஒருநாள் விடிகாலையில் அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, சர்க்கரை டப்பாவை எடுத்தேன். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டப்பா. சர்க்கரையைத் தட்டிச் சமப்படுத்தினேன். இரும்பில் கோடு கீறுவதற்கென்று எங்களிடம் ஒரு எஃகுக் குச்சி உண்டு. அதை எடுத்து, டப்பாவின் உள்பக்கம் சர்க்கரை நின்ற மட்டத்தில் ஒரு கோடு கீறினேன். சுத்தமான கோடு. கோணல் இல்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் சோதனைக் குழாய் செங்கல். டப்பாவைத் திறந்தால் சர்க்கரை கோட்டுக்கு ஒரு விரல் கீழே. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அவள் முன்னால் டங்கென்று வைத்தேன். அவள் தட்டில் இரண்டு இட்லி இருந்தது, தொடவில்லை இன்னும்.

"போன பிள்ளை போதாதா உனக்கு? இதையும் தின்று தீர்க்க வேண்டுமா?"

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். முப்பது வயதில், நல்ல நினைவோடு சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவதில் நியாயம் இல்லை.

அவள் டப்பாவுக்குள் பார்த்தாள். கோட்டை விரலால் தடவினாள். என்னவென்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து நின்றாள்.

"கோடு போட்டு வெச்சிகினு கீறியா? யோவ், உனக்கு தெனம் மூணு வேள காப்பி யாரு போட்றா? அதுல உப்பா போட்டுத் தரேன்?"

என் காப்பியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அளவுக்காரன்!

"நான் ஒரு துளி வாயில வெக்கல. அந்தப் புள்ள மேல சத்தியம்னு சொல்வேன், ஆனா உனக்காக இன்னாத்துக்கு சத்தியம் பண்ணணும்? உன் கைய மோந்து பாரு. ரெண்டு வாரமா ஊசி போட்டுட்டு வந்தா உன் கையில அந்த மருந்து நாத்தம் வருது. மருந்து எனுக்குள்ள போனா, உன் கையில எப்டிய்யா நாறும்?"

கையை முகர்ந்தேன். அரைமணி நேரத்துக்கு முன் காலை ஊசி போட்ட கை. பினாயிலுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாடை, புட்டியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி எடுத்தால் வருகிற அதே வாடை, என் உள்ளங்கையில், கட்டை விரலின் அடியில். ஸ்பிரிட் எப்போதோ ஆவியாகியிருக்கும்.

சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சினேன். ஊசி செருகும் முனையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை அழுத்தினேன். நல்ல சிரிஞ்சாக இருந்தால் பிஸ்டன் அசையக்கூடாது. இது வழுக்கிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் பிஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவே பின்னால் ஏறி, என் விரல்வழியாக மணிக்கட்டுக்கு ஓடியது. உள்ளே போகவேண்டியதில் பாதி, இரண்டு வாரமாக என் கையில்தான் போயிருக்கிறது.

அப்போதுதான் அந்த எண்கள் கண்ணில் பட்டன. பிஸ்டனின் கைப்பிடியில் பொடி எழுத்தில் ஓர் எண். குழாயின் விளிம்பில் இன்னோர் எண். இரண்டும் வேறு. ஒரு குழாய்க்கு ஒரு பிஸ்டனைத் தேய்த்து ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே எண் போட்டு அனுப்புகிறார்கள். எங்கள் தொழிற்சாலையிலேயே டீசல் பம்ப் பிரிவில் இதே வழக்கம்தான். பம்ப்பின் தண்டையும் உறையையும் ஜோடியாகக் கட்டித்தான் வைப்பார்கள், மாற்றிப் போட்டால் எண்ணெய் கசியும். எத்தனை முறை அந்த மேஜையைக் கடந்து போயிருக்கிறேன்! எதுவும் எதிலும் சேரும் என்கிற என் வேதத்துக்கு வெளியே இருந்த ஒன்று, என் வீட்டிலேயே இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. எனக்கு அது வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். ஆவடி பஜாரில் மருந்துக்கடையில் புது சிரிஞ்சு வாங்கி, எண்களை இரண்டு தடவை பார்த்து, முனையை அடைத்து அழுத்திப் பார்த்து, வீட்டுக்கு வந்து கொதிக்கவைத்தேன். பிராயச்சித்தத்தை அளவோடு செய்யப்போகிறேன் என்று நினைப்பு.

"காலைல போட்டது பாதிதானே போச்சு. டாக்டராண்ட கேட்டுகினு போட்லாமே" என்றாள் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சீட்டில் இருபது என்று இருக்கிறது. விட்டது விட்டதுதான். ஒழுங்காக ஒரு தடவையாவது போகட்டும்."

அவளுக்கு என்னோடு வாதாடத் தெம்பில்லை. இருபது யூனிட், ஒரு சொட்டுக்கூடப் பிசகாமல் போட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த இருபது என்பதே கசிகிற சிரிஞ்சுக்காக ஏற்றிய இருபது என்பதும், காலையில் பாதி ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்பதும், அவள் அந்த இட்லியைத் தொடவே இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இதைச் செய்யும்போது அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பதினொரு மணி வாக்கில் அடுப்படியில் ஏதோ விழுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. கூப்பிட்டேன், என்னைப் பார்த்து "நைனா, ஊட்டுக்குப் போலாமா" என்றாள். அவள் அப்பாவைக் கூப்பிடுகிற பெயர் அது. கண் என்மேல் நிற்கவே இல்லை.

வியர்த்துக் கொட்டினால், உளறினால், உடனே சர்க்கரை கொடுங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். டப்பா இன்னும் சாப்பிடுகிற இடத்திலேயே, நான் டங்கென்று வைத்த இடத்திலேயே இருந்தது. கையை விட்டு அள்ளினேன். அவள் தாடையைப் பிடித்து, நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சப்பச் சொல்லிக் கெஞ்சினேன். "தின்னும்மா. தின்னு. இன்னும் கொஞ்சம் தின்னு." சொல்லிக்கொண்டே அழுதேன். சர்க்கரை அவள் மோவாயிலும் கழுத்திலும் ஒட்டியது. இன்னொரு கை அள்ளினேன். இன்னொரு கை. கோட்டுக்கு எவ்வளவு கீழே போயிற்று என்று நான் பார்க்கவில்லை.

கால்மணி நேரத்தில் கண் என்மேல் நின்றது. என்னை அடையாளம் தெரிந்தது என்பது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது. பிறகு வயிற்றில் கை வைத்து, அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள். நானும் காத்திருந்தேன். அந்த நேரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. கடைசியில் அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைக்கவில்லை, "துள்ளுது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றே அம்பத்தூருக்கு ஓடினோம். டாக்டர் முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. பழைய அளவுக்கே மருந்தை இறக்கி எழுதினார். பிறகு அவளைப் பார்த்து, "இனிமேல் யார் ஊசி போடுவது?" என்று கேட்டார்.

"நானு" என்றாள். ஊசி டப்பாவுக்காக என் பக்கம் கையை நீட்டினாள். கொடுத்தேன். அந்தக் கை ஆடவே இல்லை.

டிசம்பரில், மழைக்கு நடுவே, பெண் குழந்தை பிறந்தது. வார்டுக்கு வெளியே நின்ற என் காதில் அழுகைச் சத்தம் விழுந்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆயா வந்து, "இன்னாத்துக்கு நைனா நீ அழுதுகினு கீற, கொயந்த நல்லா கீது" என்று அதட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என் மனைவி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பிரசவம் வரை அவள் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டாள், காலையும் மாலையும். நான் மழைத் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்தேன், ஊசி தீட்டிக் கொடுத்தேன். நான் தீட்டியதை அவள் பஞ்சில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். பொட்டு வைக்கிற வேலை கை மாறிவிட்டது. ஒன்று கவனித்தேன், அவளுடைய "இன்னா"வை நான் திருத்துவது தானாகவே நின்றுபோயிருந்தது.

தொண்ணூற்றேழில் எனக்கும் வந்தது. பட்டறையில் காலில் ஓர் ஆணி குத்தி, புண் மாதக்கணக்கில் ஆறாமல், போய்ப் பார்த்தால் சர்க்கரை. புண் ஆறுகிற வரைக்காவது இன்சுலின் போட வேண்டும், சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதற்குள் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்துவிட்டது. கொதிக்கவைக்கவும் வேண்டாம், தீட்டவும் வேண்டாம். எனக்கு அவள்தான் போட்டுவிட்டாள். நான் மறுக்கவில்லை.

புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரம் இரண்டு முறை பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். திரும்பும்போது குமணன்சாவடியில் பஸ் மாற வேண்டும். அங்கே நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு மிட்டாய்க் கடை. முதல் நாள் பார்த்தேன். இரண்டாம் முறை ஒரு பாதுஷா. அப்புறம் ஒவ்வொரு முறையும் இரண்டு. நாற்பத்தொரு வயது ஆள், சந்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

மூன்றாவது வாரம் ரத்தச் சோதனை சீட்டை அவள் கையில் கொடுத்தேன். ஏறியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய், சிரிஞ்சுக் கட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூடி சிவப்பா, இல்லை ஆரஞ்சா என்று பார்த்தாள். மூடி நிறம் மாறினால் கோட்டின் கணக்கே மாறும், நாற்பது யூனிட் மருந்துக்கு நூறு யூனிட் சிரிஞ்சைக் கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டானோ என்று அவளுக்குச் சந்தேகம். சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் உறிஞ்சி, முனையை அடைத்து அழுத்தினாள். கசியவில்லை. இன்னொன்றைப் பிரித்தாள், அதுவும் கசியவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து புட்டியை எடுத்து, தேதியைப் படித்தாள்.

"கரண்ட்டு போயி போயி வருது. மருந்து கெட்டுப்போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குடையை எடுத்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயில். ஒன்றரை மணி நேரம் கழித்து, முகமெல்லாம் சிவந்து, புதுப் புட்டி, புதுக் கட்டு சிரிஞ்சோடு வந்தாள். ஐஸ் கட்டி வைத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஐஸ் கரைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊசியில ஒண்ணும் இல்ல. நான்தான். குமணன்சாவடியில பாதுஷா" என்றேன்.

அவள் குடையை மடக்கினாள். "எத்தினி?"

"ரெண்டு. ஒவ்வொரு தடவையும்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வெயில்ல அலஞ்சேனே" என்றாள். புட்டியைத் துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். பிறகு தனக்குத்தானே சொல்கிறாற்போல, "அப்ப மருந்து நல்லாத்தான் கீது" என்றாள். அவள் குரலில் நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது சர்க்கரை டப்பாவை எடுத்துத் திறந்தேன். அதே டப்பா. பக்கமெல்லாம் நசுங்கியிருந்தது. சர்க்கரையைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடுதான் இருந்தது. நான் போட்டது.